வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் எங்கே இருக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்க உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்டு வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மிச்சமுள்ளவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: இணையத்தில் ‘ஸ்காலர்ஷிப்’ என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டுகிறது. பாதிக்கு மேல் தேதி முடிந்தவை. எங்கிருந்துதான் தொடங்குவது?
– இளங்கலை இறுதியாண்டு மாணவி

பதில்: அந்தச் சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டு, பணம் கொடுப்பவர் யார் என்று தேடுங்கள். பெரிய தொகை வருவது மூன்று இடங்களிலிருந்து.

முதலாவது, அரசுகள். பிரிட்டனின் செவனிங், காமன்வெல்த் ஸ்காலர்ஷிப், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஜப்பானின் மெக்ஸ்ட், தென்கொரியாவின் ஜிகேஎஸ், துருக்கியின் துர்கியே புர்ஸ்லாரி, ஹங்கேரியின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவை இந்த வகை. பெரும்பாலும் முழுச் செலவும் கிடைக்கும். போட்டியும் அதற்கேற்ப.

இரண்டாவது, பல்கலைக்கழகங்கள். அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் ‘ஃபீஸ் அண்ட் ஃபண்டிங்’ என்றொரு பகுதி இருக்கும். அதைக் கடைசி வரி வரை படியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பமே கிடையாது. டிசம்பர் அல்லது ஜனவரியில் வரும் குறிப்பிட்ட தேதிக்குள் அட்மிஷனுக்கு விண்ணப்பித்தால் தானாகவே பரிசீலிப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் சில படிப்புகளுக்கு அட்மிஷன் திறந்திருக்கும், ஆனால் உதவித்தொகைக் கதவு மூடியிருக்கும். அட்மிஷனுக்குக் கடைசித் தேதி வேறு, உதவித்தொகைக்குக் கடைசித் தேதி வேறு. விண்ணப்பித்தும் பணம் கிடைக்காமல் போகிறவர்களில் நிறையப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, துறையும் பேராசிரியரும். இது பி.எச்.டி.க்கும், சில ஆராய்ச்சி முதுகலைகளுக்கும். கீழே தனியாகச் சொல்கிறோம்.

அறக்கட்டளைகள், சங்கங்கள், கம்பெனிகள் தரும் சிறு தொகைகள் நான்காவது. ஒரு டிக்கெட்டுக்கோ ஒரு மாத வாடகைக்கோ ஆகும். மற்ற மூன்றையும் முடித்த பிறகு மிச்ச நேரத்தை இதில் போடுங்கள்.

காலக்கணக்கையும் இப்போதே மனதில் வையுங்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் படிப்புக்கு முந்தின ஆண்டு ஆகஸ்ட் முதல் ஜனவரிக்குள் பெரும்பாலான கதவுகள் திறந்து மூடிவிடும். ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ், பரிந்துரைக் கடிதம் எல்லாம் அதற்கு முன்பே தயாராக வேண்டும் என்பதால், வகுப்பில் உட்காரும் நாளிலிருந்து பின்னோக்கி 18 மாதம் எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். இளங்கலையே வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிறாள். எங்களால் வருடத்துக்குச் சிறு தொகைதான் தர முடியும். முழு உதவி கிடைக்குமா?
– ஒரு தாய்

பதில்: முதுகலையை விட இளங்கலைக்கு வாய்ப்புக் குறைவு. இருக்கிற வாய்ப்புகளில் பெரியது அமெரிக்காவில், அதுவும் பணம் அதிகமுள்ள சில தனியார் கல்லூரிகளில். அங்கே மதிப்பெண்ணுக்காகத் தரும் உதவி ஒன்று, குடும்ப நிலையைப் பார்த்துத் தரும் உதவி ஒன்று. இரண்டாவதுதான் உங்களுக்கு.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவருக்கும் பண வசதியைப் பார்க்காமலே அட்மிஷன் முடிவெடுப்பார்கள். சேர்த்துக்கொண்டால் குடும்பத்தால் தர முடியாத பங்கு முழுவதையும் கொடுத்துவிடுவார்கள். இதை ‘நீட்-பிளைண்ட்’ என்பார்கள். வேறு பல நல்ல கல்லூரிகள் ‘நீட்-அவேர்’. அங்கே எவ்வளவு உதவி கேட்கிறீர்கள் என்பதும் எடைபோடப்படும், ஆனால் எடுத்துக்கொண்டால் தாராளமாகத் தருகிற கல்லூரிகள் அவற்றிலும் உண்டு. அமெரிக்க அரசின் மாணவர் உதவிக்கான ‘ஃபாஃப்சா’ படிவம் உங்களுக்குப் பொருந்தாது. பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது ‘சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்’ என்ற குடும்ப வருமானப் படிவம். அக்டோபர் 1-ம் தேதி திறக்கும். சில கல்லூரிகள் கட்டணமில்லாத வேறு படிவத்தை ஏற்கும். கட்டணமே சிக்கல் என்றால் கல்லூரிக்கு மெயில் எழுதிக் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று. விண்ணப்பத்தில் ‘நிதி உதவி தேவையா’ என்று ஒரு கட்டம் வரும். ‘வேண்டாம்’ என்று போட்டால் அட்மிஷன் எளிது என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். நீட்-அவேர் கல்லூரிகள் பலவற்றில், சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு நான்கு ஆண்டும் கேட்க முடியாது. பணம் இல்லாமல் இரண்டாம் ஆண்டில் படிப்பை விடுவதை விட, முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

வருமானச் சான்றுகளில் கணக்கு இடிக்கக் கூடாது. வங்கிக் கணக்கு ஒன்று சொல்ல, வரிக் கணக்கு வேறு சொல்ல, படிவம் மூன்றாவதாக ஒன்று சொன்னால் கல்லூரி விளக்கம் கேட்கும். அதற்குள் தேதி போய்விடும். விவசாயம், சிறு தொழில் என்று சீரில்லாத வருமானமாக இருந்தால், மூன்று ஆண்டு வரவைச் சுருக்கமாக ஒரு பக்கத்தில் விளக்கி இணையுங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே பார்த்தால், மெக்ஸ்ட், ஜிகேஎஸ், துர்கியே புர்ஸ்லாரி மூன்றும் இளங்கலைக்கும் உண்டு. மூன்றிலும் அந்த நாட்டு மொழியைப் படிப்பதற்கென்று முதலில் ஓராண்டு வரை போகும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே இல்லை, ஆனால் இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லிருந்து கட்டணம் வாங்குகிறது. ‘இலவச நாடு’ என்ற பழைய பட்டியலை நம்பிக் கிளம்பாதீர்கள். ஸ்வீடன் 2011-லும், ஃபின்லாந்து 2017-லும், நார்வே 2023-லும் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டன.

கேள்வி: டிகிரியில் 58 சதவீதம்தான். மூன்று ஆண்டு வேலை அனுபவம் இருக்கிறது. எனக்கெல்லாம் யார் தருவார்கள்?
– சுகாதாரத் துறை ஊழியர்

பதில்: மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிற திட்டங்களை விட்டுவிட்டு, வேலையைப் பார்க்கிற திட்டங்களுக்குப் போங்கள். செவனிங் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறது, அதாவது சுமார் இரண்டு ஆண்டு. பகுதிநேர வேலையும், சம்பளமில்லாத் தொண்டும் கணக்கில் சேரும். அவர்கள் தேடுவது முதல் வகுப்பு மாணவரையல்ல, திரும்பிப் போய் எதையாவது மாற்றக்கூடியவரை. ஆனாலும் பல்கலைக்கழகம் தன் மதிப்பெண் வரம்பைத் தளர்த்தாது. 58 சதவீதத்தை எந்தப் படிப்பு ஏற்கும் என்று துறைக்கே எழுதிக் கேட்டபின் தேர்ந்தெடுங்கள்.

டாட் நடத்தும் ‘ஈபோஸ்’ திட்டமும் உங்களுக்குப் பொருந்தலாம். வளரும் நாடுகளில் வேலை செய்தவர்களுக்கான முதுகலைப் படிப்புகள் அவை. இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. விண்ணப்பம் டாட் அலுவலகத்துக்கு அல்ல, படிப்பு நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படிப்புக்கும் தேதி வேறு. டாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து ஓராண்டை இழந்தவர்கள் உண்டு.

உங்கள் விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் கட்டுரையில். தலைமைப் பண்பு பற்றிய கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் இப்படி: ‘சிறு வயதிலிருந்தே எனக்குத் தலைமைப் பண்பு உண்டு. பல குழுக்களை வெற்றிகரமாக வழிநடத்தியிருக்கிறேன்.’ இதில் எதையும் சரிபார்க்க முடியாது. படிப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். இதையே இப்படி எழுதலாம்: ‘12 மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி இருப்பை நோட்டில் எழுதிவந்தோம். மாதக் கடைசியில்தான் பற்றாக்குறை தெரியவரும். வாரம் ஒருமுறை போனில் கணக்கு வாங்கலாம் என்றேன். இரண்டு மேலாளர்கள் மறுத்தார்கள். இரண்டு நிலையங்களில் மட்டும் ஒரு மாதம் செய்து காட்டினேன். பிறகு 12-லும் அதே முறை வந்தது.’ பிரச்சினை என்ன, யார் எதிர்த்தார்கள், நீங்கள் செய்தது எது, பிறகு எது மாறியது என்ற நான்கும் இருக்கின்றன. ‘நாங்கள்’ என்று தொடங்கி ‘நான்’ என்று பிரிந்து வருவதையும் கவனியுங்கள். குழு செய்ததை எழுதிவிட்டுத் தன் பங்கைச் சொல்லாமல் விடுவதுதான் நம்மவர்களின் பெரிய பலவீனம். பணிவு வேறு இடத்தில் இருக்கட்டும்.

கட்டுரையை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். ஒப்பீட்டு மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள்.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் கேட்டால் பேராசிரியர், ‘நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்கிறார். அப்படிச் செய்யலாமா?
– முதுகலை மாணவர்

பதில்: வேண்டாம். ஒரே கை எழுதிய கட்டுரையும் கடிதமும் அடுத்தடுத்துப் படிக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பதிலாக அவர் வேலையைச் சுலபமாக்குங்கள். ஒரே பக்கத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: எந்தத் திட்டம், அது எதைத் தேடுகிறது, கடைசித் தேதி, அவர் வகுப்பில் நீங்கள் செய்த புராஜெக்ட், அதில் அவரே பாராட்டிய ஒரு விஷயம். ‘ஐயா, இதில் உங்களுக்கு நினைவிருப்பதை மட்டும் எழுதினால் போதும்’ என்று சொல்லுங்கள்.

இப்போது பெரும்பாலான இடங்களில் கடிதத்தை உங்களிடம் வாங்குவதில்லை. பேராசிரியருக்கே லிங்க் போகும், அது பாதி நேரம் ஸ்பேமில் கிடக்கும். நீங்கள் சப்மிட் செய்த பிறகுதான் சில தளங்கள் அந்த லிங்க்கையே அனுப்பும். கடைசி நாளில் சப்மிட் செய்தால் அவருக்கு மிஞ்சுவது சில மணி நேரம். இரண்டு வாரம் முன்பே சப்மிட் செய்துவிடுங்கள். கல்லூரி மெயில் முகவரியையே கொடுங்கள், சொந்த ஜிமெயிலைப் பல இடங்களில் ஏற்பதில்லை. பெரிய பதவியில் இருந்துகொண்டு உங்களைத் தெரியாதவரை விட, உங்களை இரண்டு ஆண்டு பார்த்த இளம் ஆசிரியர் எழுதும் கடிதமே வேலை செய்யும்.

கேள்வி: பி.எச்.டி.க்கு ஸ்காலர்ஷிப் தேட வேண்டாம், பேராசிரியருக்கு மெயில் போட்டால் போதும் என்கிறார்கள். நூறு பேருக்குப் போட்டேன், மூன்று பதில்தான் வந்தது.
– வேதியியல் முதுகலை மாணவர்

பதில்: சொன்னதில் பாதி சரி. நாட்டுக்கு நாடு மாறும்.

நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் பி.எச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிப்பீர்கள், சம்பளம் கிடைக்கும். ஜெர்மனியிலும் பல இடங்கள் ‘டிவி-எல் இ13’ என்ற அரசுச் சம்பள நிலையில், பாதி அல்லது 65 சதவீத வேலை என்ற கணக்கில் இருக்கும். விளம்பரத்தில் அந்த சதவீதத்தைத் தேடிப் படியுங்கள், கைக்கு வரும் தொகை அதைப் பொறுத்தது. ஐரோப்பிய இடங்களைப் பார்க்க ‘யூராக்ஸெஸ்’ என்ற அதிகாரப்பூர்வத் தளம் இருக்கிறது.

அமெரிக்காவில் நீங்கள் துறைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அட்மிஷனும் பணமும் ஒரே கடிதத்தில் வரும். கல்விக் கட்டணம் தள்ளுபடி, கூடவே உதவி ஆசிரியர் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கான மாதத் தொகை. கடிதம் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். அந்தத் தொகை 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா? எத்தனை ஆண்டுக்கு உறுதி? மருத்துவக் காப்பீடும் ‘ஸ்டூடண்ட் ஃபீஸ்’ எனப்படும் இதர கட்டணங்களும் தள்ளுபடியில் சேருமா? மூன்றாவதை விட்டுவிட்டுப் போய், முதல் செமஸ்டரிலேயே கைக்காசைத் தேடுகிறவர்கள் அதிகம். இன்னொன்று: பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டுள்ள ‘ஏப்ரல் 15 தீர்மானம்’ என்ற ஒன்று உண்டு. பட்டமேற்படிப்புக்கான நிதி உதவியை ஏற்பதா என்று அந்தத் தேதிக்கு முன் முடிவு சொல்லச் சொல்லி உங்களை நெருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அவசரப்படுத்தினால் பணிவாக அதைக் குறிப்பிடலாம்.

இனி உங்கள் நூறு மெயில். எல்லாருக்கும் ஒரே வாசகம் போயிருந்தால் மூன்று பதில் வந்ததே ஆச்சரியம். தலைப்பில் ஆராய்ச்சிப் பொருளும் சேர விரும்பும் ஆண்டும் இருக்க வேண்டும். முதல் வரியில், அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றில் உங்களுக்கு எழுந்த குறிப்பான கேள்வி. அடுத்த இரண்டு வரியில், அதற்கு ஒட்டிய எந்தச் சோதனையை, எந்தக் கருவியில் செய்திருக்கிறீர்கள் என்பது. கடைசியில், ‘வரும் ஆண்டில் மாணவர் எடுக்கும் எண்ணம் உண்டா?’ என்ற ஒரே கேள்வி. ஸ்கிரீனில் உருட்டாமல் படித்து முடிக்கும் நீளம். சிவியை பிடிஎஃப்பாக இணையுங்கள், மதிப்பெண் பட்டியல் கேட்டால் அனுப்பலாம். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இப்படி எழுதினால் ஒரு நாளைக்கு இரண்டுதான் எழுத முடியும். அது போதும்.

கேள்வி: ஒரு ஏஜென்சி ‘ஸ்காலர்ஷிப் நிச்சயம்’ என்று சொல்லி முன்பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கொடுக்காதீர்கள். தேர்வுக் குழு வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும்போது இவர்கள் எதை நிச்சயம் செய்ய முடியும்? அட்மிஷன் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சட்டப்படி சில செலவுகள் உண்டு. ஆனால் ‘உங்களுக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது, அதை விடுவிக்க பிராசசிங் ஃபீஸ் கட்டுங்கள்’ என்று எந்த உண்மையான திட்டமும் கேட்காது. மேலே பெயர் சொன்ன அரசுத் திட்டங்களுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம்.

இலவசமாக உதவும் ஏஜென்சிகள் பலவற்றுக்குப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருகின்றன. அதில் தவறில்லை, ஆனால் கமிஷன் தராத பல்கலைக்கழகத்தின் பெயரை அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். மெயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிரிட்டன் பல்கலைக்கழக முகவரி ‘.ஏசி.யூகே’ என்றும், அமெரிக்க முகவரி ‘.இடியு’ என்றும் முடியும். இரண்டும் கண்டவர்களுக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று பாதிக் கட்டணத்தை ஸ்காலர்ஷிப்பாகத் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். சேர்ந்துவிடலாமா?
– முதுகலைக்கு விண்ணப்பித்தவர்

பதில்: மிச்சத்தைக் கூட்டிப் பார்த்த பிறகு சந்தோஷப்படலாம். ஒரு கணக்கு: கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 36,000 டாலர், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்ந்து 20,000. மொத்தம் 56,000. ‘பாதி ஸ்காலர்ஷிப்’ என்றால் கட்டணத்தில் பாதி, அதாவது 18,000. நீங்கள் கட்ட வேண்டியது 38,000. செலவில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாகக் குறையவில்லை. வெளியில் அறிவிக்கும் கட்டணத்தைக் கூட்டி வைத்துவிட்டு எல்லாருக்கும் ‘ஸ்காலர்ஷிப்’ என்ற பெயரில் தள்ளுபடி தரும் இடங்களும் உண்டு. வேறு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையே இல்லாமல் ஆகும் மொத்தச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரம் அதுவே மலிவு.

கடிதத்தில் ‘ரினியூவபிள்’ என்ற சொல் இருக்கிறதா? இல்லையென்றால் அது ஓராண்டுக்குத்தான். இருந்தால் எந்த நிபந்தனையில்? சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ 3.0-க்குக் கீழே போனால் நிற்கும் என்பது போன்ற வரிகள் அடிக்குறிப்பில் இருக்கும். முதல் செமஸ்டர்தான் பலருக்கும் சறுக்கும். சறுக்கினால் மறு வாய்ப்பு உண்டா என்றும் கேட்டுவையுங்கள்.

வரியும் உண்டு. அமெரிக்காவில் கல்விக் கட்டணத்துக்குப் போகும் உதவித்தொகைக்கு வரி இல்லை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதிக்கு வரி உண்டு, எஃப் அல்லது ஜே விசாவில் இருப்பவரிடம் பொதுவாக 14 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் நாட்டுடன் வரி ஒப்பந்தம் இருந்தால் குறையலாம், அதற்கான படிவத்தைப் போனவுடனே கொடுக்க வேண்டும்.

உதவியைக் கூட்டிக் கேட்கவும் செய்யலாம். துறைக்கும் நிதி உதவி அலுவலகத்துக்கும் ஒரு சின்ன மெயில்: உங்கள் படிப்புதான் என் முதல் விருப்பம், இன்னொரு இடத்திலிருந்து இவ்வளவு வந்திருக்கிறது, கடிதம் இணைத்துள்ளேன், எனக்கு இவ்வளவு குறைகிறது, கூடுதல் உதவிக்கோ உதவியாளர் வேலைக்கோ வாய்ப்பு உண்டா? எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ‘முடிந்ததைச் செய்யுங்கள்’ என்றால் எதுவும் நடக்காது. திரும்பத் தராத டெபாசிட்டைக் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும், கட்டிய பிறகு அவர்களுக்கு அவசரமில்லை.

கேள்வி: முழு உதவித்தொகை கிடைத்தவரும் வங்கியில் பணம் காட்ட வேண்டுமா?
– பல வாசகர்கள்

பதில்: உதவித்தொகைக் கடிதம் வாழ்க்கைச் செலவையும் சேர்த்துச் சொன்னால் பொதுவாக வேண்டாம். கடிதத்தில் தொகை, காலம், எதற்கெல்லாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பகுதி உதவி என்றால் மிச்சத்தைக் காட்டியாக வேண்டும்.

பிரிட்டன் விசாவுக்கு அந்தத் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடிந்த தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தின 31 நாளுக்குள் வர வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஜெர்மனிக்கு ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்ற பூட்டிய கணக்கு. 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும், போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் எடுக்கலாம்.

எராஸ்மஸ் முண்டஸில் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் விமான டிக்கெட், விசா எல்லாம் அந்த 1,400-க்குள்ளேதான், தனியாகத் தர மாட்டார்கள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டியிருப்பதால் இரண்டு முறை வீடு மாற்றும் செலவும் வரும். எந்த உதவித்தொகையாக இருந்தாலும் முதல் தவணை, பெரும்பாலும் அந்த நாட்டில் வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் வரும். வீட்டு முன்பணமும் இரண்டு மாதச் செலவும் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது. காலம் கடந்துவிட்டதா?
– ஆசிரியை

பதில்: செவனிங்குக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஜிகேஎஸ் பட்டமேற்படிப்புக்கு 40-க்குள். மெக்ஸ்ட் ஆராய்ச்சி மாணவர் பிரிவு 35-க்குள், துர்கியே புர்ஸ்லாரியில் முதுகலைக்கு 30, பி.எச்.டி.க்கு 35 என்பதால் அவை இனி இல்லை. ஜிகேஎஸ்ஸில் தூதரக வழி, பல்கலைக்கழக வழி என்று இரண்டு உண்டு. ஒரே ஆண்டில் இரண்டிலும் போட்டால் இரண்டும் ரத்தாகும்.

கேள்வி: உதவித்தொகை வாங்கினால் திரும்பி வந்தே ஆக வேண்டுமா?
– பொறியாளர்

பதில்: சிலவற்றில் ஆம். செவனிங் முடித்தவர் குறைந்தது இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்டில் வருவது ஜே-1 விசா. அதில் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் கழிக்கும் விதி உண்டு. கழிக்கும்வரை அமெரிக்காவின் ஹெச், எல் வகை வேலை விசாக்களும் நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் கிடைக்காது. அங்கேயே வேலை தேடுவதுதான் திட்டம் என்றால், இந்த இரண்டையும் விட பல்கலைக்கழக உதவித்தொகை உங்களுக்குப் பொருந்தும். கட்டுரையில் திரும்பி வருவேன் என்று எழுதிவிட்டு நேர்காணலில் தடுமாறுபவர்களைக் குழு உடனே கண்டுகொள்ளும்.

கேள்வி: பாக்கிக்குக் கல்விக் கடன் வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– முதுகலை அட்மிஷன் பெற்றவர்

பதில்: வட்டி சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கும்போது வட்டி ஓடுமா, ஓடினால் அசலில் சேருமா என்று கேளுங்கள். 40,000 டாலர், 11 சதவீத வட்டி, படிப்பு இரண்டு ஆண்டு, பிறகு ஆறு மாத அவகாசம் என்று வைப்போம். சாதாரண வட்டியே 30 மாதத்தில் 11,000 ஆகும். அது அசலில் சேர்ந்தால் கடன் 51,000. பத்து ஆண்டில் கட்ட மாதத் தவணை சுமார் 703 டாலர். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டிவந்திருந்தால் 40,000-க்குத் தவணை 551தான்.

கடன் எந்த நாணயத்தில், சம்பளம் எந்த நாணயத்தில் என்பதும் முக்கியம். ஒரு நாணயத்தில் கடன் வாங்கி, மதிப்பு இறங்கும் இன்னொரு நாணயத்தில் சம்பாதித்தால் கடன் தானாகப் பெருகும். வட்டி நிலையானதா மாறுவதா, முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா, அடமானம் இல்லாத கடனில் பிராசசிங் ஃபீஸ் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று: கடன் ஒப்புதல் வந்த பிறகு உதவித்தொகை கிடைத்தால் கடன் தொகையைக் குறைத்துக்கொள்ள முடியுமா? தவணை தவணையாக விடுவிக்கும் கடனில் பெரும்பாலும் முடியும். முழுவதையும் முதலிலேயே எடுத்துவிட்டால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும். பிரச்சினை வருமா?
– இளங்கலை மாணவி

பதில்: வரும். விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, உதவித்தொகைப் படிவம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். இனிஷியலுக்கு விரிவு இதுதான் என்று கல்லூரியிலிருந்து ஒரு சான்றும், இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரமும் வாங்கி வையுங்கள். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண்களுக்கு இரண்டு ஆண்டு ஆயுள், பட்டமேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்கு ஐந்து ஆண்டு. பெயர்த் தவறோடு எழுதிவிட்டால் திருத்துவதில் வாரங்கள் போகும்.

கேள்வி: கடைசித் தேதி என்று போட்டிருந்தால் எந்த நாட்டு நேரம்?
– இளங்கலை மாணவர்

பதில்: பக்கத்தில் எழுதியிருக்கும், தேடுங்கள். பிரிட்டன் திட்டங்கள் சிலவற்றில் நள்ளிரவு அல்ல, பகல் 12 மணியிலேயே முடிந்துவிடும். கடைசி நாளில் தளம் மெதுவாகும், 5 எம்பிக்கு மேல் கோப்பு ஏறாது, பணம் கட்டும் கார்டு மறுக்கும். மூன்று நாள் முன்பு அனுப்பிவிட்டு, வந்த உறுதி மெயிலைச் சேமித்து வையுங்கள்.